டி மேஜர் தேடிப் போய் டி மைனரில் விழுந்த கதை

கிட்டார் பழக ஆரம்பித்த மூன்று மாதத்தில் சி, ஜி, டி, ஏ மைனர், ஈ மைனர் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) எல்லாம் விரல் வைக்கும் இடம் காட்டும் படத்தைப் பார்த்துப் பார்த்து விரலுக்குப் பழகிவிட்டன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவும் வந்துவிட்டது. ஆனால் விரல் ஏன் அந்த இடத்தில் போகிறது என்று யாராவது கேட்டால் திருதிருவென்று முழிப்பேன். சொல்லிக்கொடுத்தவரிடம் கேட்டதற்கு, "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் தம்பி, மொதல்ல விரல் வரட்டும்" என்றார். விரல் வந்தது. அந்த 'அப்புறம்' மட்டும் வரவே இல்லை. நானே இறங்கிவிட்டேன்.

முதலில் கிடைத்த சூத்திரம்: மேஜர் ஸ்கேலில், அதாவது மேஜர் ஸ்வர வரிசையில், ஒன்று, மூன்று, ஐந்தாவது ஸ்வரங்களைச் சேர்த்தால் மேஜர் கார்டு. சி, டி, ஈ, எஃப், ஜி... ஒன்றுவிட்டு ஒன்று எடுத்தால் சி, ஈ, ஜி. சி கார்டைப் பிடித்து ஒவ்வொரு கம்பியாகத் தட்டிப் பார்த்தேன். ஐந்தாவது கம்பியிலிருந்து (மெல்லியது முதல் கம்பி, தடித்தது ஆறாவது) சி, ஈ, ஜி, மறுபடி சி, மறுபடி ஈ. மூன்றே ஸ்வரம்தான், ஐந்து கம்பியில் திரும்பத் திரும்ப வருகிறது! அன்றைக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் அதே தெம்பில் டி-க்குப் போனேன். ஒன்றுவிட்டு ஒன்று: டி, எஃப், ஏ. படத்தில் பார்த்தால் முதல் கம்பியில் இரண்டாவது ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பிரித்திருக்கும் கட்டம்). அது எஃப் இல்லை, அதற்கு ஒரு ஃப்ரெட் மேலே இருக்கும் எஃப் ஷார்ப். அச்சுப்பிழை என்று முடிவே கட்டிவிட்டேன். என் கணக்குப்படி விரலை ஒரு ஃப்ரெட் இறக்கி மீட்டினால் துக்க வீட்டுக்குள் நுழைந்தது போல இருந்தது. படம் சரி, நான்தான் தப்பு. நான் கட்டியது டி மைனர்.

சி-யில் சரியாக வந்தது வெறும் அதிர்ஷ்டம். எழுத்துகளுக்கு நடுவே இருக்கும் தூரம் சமம் இல்லை. ஈ-க்கும் எஃப்-க்கும், பி-க்கும் சி-க்கும் ஒரே ஃப்ரெட், மற்றதெல்லாம் இரண்டிரண்டு. அதனால் எழுத்தை எண்ணாதீர்கள், ஃப்ரெட்டை எண்ணுங்கள். ரூட்டிலிருந்து (கார்டுக்குப் பெயர் தரும் முதல் ஸ்வரம்) நான்கு, அங்கிருந்து மூன்று என்றால் மேஜர். மூன்று, பிறகு நான்கு என்றால் மைனர்.

இதிலும் ஒரு குழி உண்டு. தொடங்கும் ஃப்ரெட்டையே 'ஒன்று' என்று எண்ணிக்கொண்டு இரண்டு நாள் அலைந்தேன். டி மேஜருக்கு டி, எஃப், ஜி என்று ஏதோ விநோத ஜந்து கிடைத்தது. முதல் தாண்டல்தான் ஒன்று, நிற்கும் இடம் கணக்கில் சேராது.

இரண்டு வகையிலும் கூட்டினால் ஏழுதான். அப்படியென்றால் ரூட்டும் ஐந்தாவதும் அசையவே இல்லை, நடுவில் இருப்பது மட்டும் ஒரு ஃப்ரெட் இறங்குகிறது. கர்நாடக சங்கீதம் பழகியவர்களுக்கு ஒரே வரியில் முடிந்துவிடும்: ச, ப அப்படியே நிற்க, அந்தர காந்தாரம் சாதாரண காந்தாரமாகிறது. ஈ மேஜரில் ஒரு விரலை எடுத்தால் ஈ மைனர் ஆவது இதனால்தான். அந்த விரலுக்கடியில் இருந்தது ஜி ஷார்ப், எடுத்ததும் ஜி. ஏ, ஏ மைனர் இரண்டையும் அடுத்தடுத்துப் பிடித்துப் பாருங்கள், இரண்டாவது கம்பியில் மட்டும்தான் வித்தியாசம். இத்தனை நாள் தனித்தனியாக மனப்பாடம் செய்ததை நினைத்தால் இப்போதும் வயிற்றெரிச்சல்.

அடுத்த அடிதான் பெரிய அடி. ஈ மேஜரின் விரல் அமைப்பை அப்படியே ஒரு கம்பி, மெல்லிய பக்கமாக நகர்த்தினால் ஏ மேஜர் வர வேண்டுமே என்று நினைத்தேன். ஆறாவது கம்பி ஈ, ஐந்தாவது ஏ, நியாயமான ஆசைதானே? வந்தது ஏ மைனர். ஒரு விரலைக்கூட மாற்றவில்லை, மேஜர் எப்படி மைனராகும்? ட்யூனிங் போய்விட்டதோ என்று நான்கு தடவை சரிபார்த்தேன்.

பதில் அந்த ட்யூனிங்கிலேயே இருந்தது. காதால் ட்யூன் செய்யும்போது ஒவ்வொரு கம்பியிலும் ஐந்தாவது ஃப்ரெட்டை அழுத்தி அடுத்ததைச் சேர்ப்போம். மூன்றாவது கம்பியில் மட்டும் நான்காவது ஃப்ரெட். மூன்று மாதமாகக் கையால் செய்துகொண்டிருந்தேன், ஏன் என்று ஒருநாளும் கேட்கவில்லை. மற்ற ஜோடிகளுக்கு நடுவே ஐந்து ஃப்ரெட் தூரம், மூன்றாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே நான்குதான். ஈ மேஜரில் மூன்றாவது கம்பியில் இருந்த நடு ஸ்வரம், நகர்த்தியதும் அந்த ஒரு படி தாழ்ந்த இரண்டாவது கம்பியில் போய் விழுகிறது. சி ஷார்ப் வர வேண்டிய இடத்தில் சி. நடு ஸ்வரம் ஒரு ஃப்ரெட் இறங்கினால்? மைனர்! கார்டு படங்கள் ஒழுங்கில்லாமல் கோணல்மாணலாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் இந்த இரண்டாவது கம்பிதான் குற்றவாளி. கழுத்தோடு நீளவாக்கில் நகர்த்தினால் சிக்கலே இல்லை. எஃப் பாரே (ஒரே விரலை எல்லாக் கம்பிகளுக்கும் குறுக்கே அழுத்திப் பிடிப்பது) என்பது ஒரு ஃப்ரெட் தள்ளிய ஈ மேஜர்தான்.

மூன்று ஸ்வரத்தோடு ஏழாவதையும் சேர்க்கும் செவன்த் கார்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஜி செவன் என்றால் ஜி ஸ்கேலின் ஏழாவது ஸ்வரமான எஃப் ஷார்ப் என்று நினைத்தீர்களானால் கிடைப்பது ஜி மேஜர் செவன்த். வெறும் 'செவன்' என்றால் ரூட்டுக்கு இரண்டு ஃப்ரெட் கீழே, அதாவது எஃப். பெயர் வைத்தவரைத்தான் திட்ட வேண்டும். இன்னொன்று, வழக்கமான ஓப்பன் சி செவனில் ஜி-யே கிடையாது. ஜி இருந்த மூன்றாவது கம்பியை பி ஃப்ளாட் (பி-க்கு ஒரு ஃப்ரெட் கீழே) எடுத்துக்கொள்கிறது. ஒரு ஸ்வரம் குறைகிறதே என்று நான் தேடியது போலத் தேடாதீர்கள். ஐந்தாவது ஸ்வரம் இல்லாவிட்டாலும் கார்டின் குணம் மாறாது, மூன்றாவதும் ஏழாவதும் இருந்தால் போதும்.

போன வாரம் சொல்லிக்கொடுத்தவரிடம் ஈ மேஜரை நகர்த்தி ஏ மைனராக்கிக் காட்டினேன். தானும் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டு, "அட, ஆமால்ல" என்றார். பிறகு எஃப் பாரே சத்தம் தெளிவாக வருகிறதா என்று கேட்டார். வரவில்லை.