காலாவதியான அட்ஜஸ்டர் உரிமமும் மீதமிருந்த 19 நாட்களும்

2024 ஜூன் 10, திங்கட்கிழமை காலை, நான் காப்பீட்டு கிளெய்ம் (இழப்பீட்டுக் கோரிக்கை) வேலை எடுத்துச் செய்யும் நிறுவனத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1-ஆம் தேதியே தொடங்கிவிட்டதால், சேதத்தை நேரில் பார்த்து இழப்பீட்டை மதிப்பிட களத்துக்கு அனுப்பத் தயாராக இருக்கும் அட்ஜஸ்டர்களின் உரிமங்களை அவர்கள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். என் டெக்சஸ் உரிமம் மார்ச் 31-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதாகப் பதிவில் இருக்கிறது, புதுப்பித்த நகலை அனுப்ப முடியுமா என்று கேட்டார்கள். அனுப்ப என்னிடம் எதுவும் இல்லை. உரிமம் காலாவதியாகி அன்றைக்கு 71-ஆவது நாள்.

டெக்சஸில் அட்ஜஸ்டர் உரிமம் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, நாம் பிறந்த மாதத்தின் கடைசி நாளில் முடிகிறது. இது எனக்குத் தெரியாத செய்தியல்ல. ஆனால் 2023-இல் முந்தைய வேலையை விட்டு விலகியபோது, வீட்டு முகவரியை மாற்றிப் பதிந்த நான், மின்னஞ்சல் முகவரியை மாற்றாமல் விட்டுவிட்டேன். தொடர்பு விவரம் மாறினால் 30 நாட்களுக்குள் காப்பீட்டுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. நினைவூட்டல்கள் எல்லாம் மூடப்பட்ட அலுவலக அஞ்சல்பெட்டிக்குப் போயிருக்கின்றன. தவறு முழுக்க என்னுடையது.

அதைவிடப் பெரிய பிழை ஒன்றும் அன்று மாலைதான் தெரியவந்தது. உரிமக் காலத்துக்குள் 24 மணிநேரத் தொடர்கல்வியை முடித்திருக்க வேண்டும். முடித்துவிட்டதாகவே நம்பியிருந்தேன். உரிமம், தொடர்கல்வி விவரங்களைக் காட்டும் ஸிர்கான் என்ற இணையதளத்தில் என் கல்விப் பதிவைத் திறந்து பார்த்தால், 18 மணிநேரம்தான் ஏறியிருந்தது. ஆறு மணிநேரப் பாடம் ஒன்றை ஆன்லைனில் கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு, அதன் இறுதித் தேர்வை எழுதாமல் விட்டிருக்கிறேன். தேர்வு எழுதாவிட்டால் அந்த மணிநேரம் கணக்கில் சேராது.

காலாவதிக்குப் பிறகு எத்தனை நாள் கடந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே டெக்சஸில் அடுத்த வழி அமைகிறது. 90 நாட்களுக்குள் என்றால், 50 டாலர் புதுப்பிப்புக் கட்டணத்தோடு அதில் பாதியைத் தாமதக் கட்டணமாகச் செலுத்திப் புதுப்பித்துக்கொள்ளலாம். 90 நாட்கள் தாண்டிவிட்டால் புதுப்பிக்கவே முடியாது. ஓராண்டுக்குள் என்றால் உரிமத் தேர்வு இல்லாமல் புதிதாக விண்ணப்பிக்கலாம். ஓராண்டும் கடந்துவிட்டால் தேர்வு எழுதி முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனக்கு 90-ஆவது நாள் ஜூன் 29. இன்னும் 19 நாட்கள் இருந்தன.

ஆனால் அன்று இரவு என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்தக் கெடு அல்ல. ஏப்ரல், மே மாதங்கள் டெக்சஸில் ஆலங்கட்டி மழைக்காலம். உரிமம் இல்லாத அந்த எழுபது நாட்களில் நான்கு வீடுகளின் கூரைகளைப் பார்த்து, சேதத்தை மதிப்பிட்டு, என் உரிம எண்ணைப் போட்டு அறிக்கை அனுப்பியிருந்தேன். அதில் ஒன்று தனியாக வாழும் வயதான பெண்மணியின் வீடு. கூரையின் ஒவ்வொரு சரிவிலும் பத்தடிக்குப் பத்தடி சதுரம் வரைந்து, அதற்குள் ஆலங்கட்டி விழுந்த இடங்களைச் சாக்கட்டியால் வட்டமிட்டு எண்ணுவது எங்கள் வழக்கம். தெற்குச் சரிவில் நான் வட்டமிட்டுக்கொண்டிருந்தபோது, கீழே நின்று அந்த அம்மா ஒவ்வொரு வட்டத்தையும் தானும் எண்ணிக்கொண்டிருந்தார். என் அறிக்கையை நம்பித்தான் அவருக்குப் பணம் போக வேண்டும்.

தாமதப் புதுப்பிப்பு கிடைத்துவிட்டால் பழைய நாட்களைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். என்னால் அதை ஏற்க முடியவில்லை. மறுநாள் காலையே அந்த நான்கு கிளெய்ம்களின் எண்கள், பார்வையிட்ட தேதிகள், நான் அனுப்பிய மதிப்பீடுகள் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எழுதி நிறுவனத்துக்கு அனுப்பினேன். அவர்கள் அதைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து, நான்கையும் உரிமமுள்ள வேறு அட்ஜஸ்டரிடம் ஒப்படைத்தார்கள். மூன்றைப் புகைப்படங்களைக் கொண்டே அவர் மறுமதிப்பீடு செய்தார். அந்த அம்மாவின் கூரைக்கு மட்டும் மறுபடி ஏற வேண்டியிருந்தது; என் சாக்கட்டி வட்டங்கள் மழையில் கரைந்துபோயிருந்தன. அவருக்கு நானே தொலைபேசியில் அழைத்து, இந்தத் தாமதத்துக்கு நான்தான் காரணம் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “கூரை ஒழுகும் அறையில் இன்னும் எத்தனை நாள் வாளி வைக்க வேண்டும்?” என்று மட்டும் கேட்டார். அந்த நான்கு கிளெய்ம்களுக்கும் எனக்கு வர வேண்டிய ஊதியத்தை நான் வாங்கிக்கொள்ளவில்லை.

மீட்புக்கான வேலைகளில் வரிசைதான் முக்கியம். முதல் நாளே அவசரத்தில் புதுப்பிப்பு விண்ணப்பத்தைத் திறந்து பணம் கட்டப் பார்த்தேன். கல்விக் குறை இருக்கும்வரை அதனால் பயனில்லை. முதலில் விட்டுப்போன மணிநேரத்தை முடித்து, பிறகு குறைந்த ஒவ்வொரு மணிநேரத்துக்கும் 50 டாலர் வீதம் அபராதம் கட்டி, அதன்பிறகே புதுப்பிப்புக்குப் போக வேண்டும். ஜூன் 13 அன்று தேர்வை எழுதித் தேறினேன். தேர்ச்சிச் சான்றிதழ் உடனே கையில் வந்தாலும், பாடம் நடத்தும் நிறுவனம் அந்த ஆறு மணிநேரத்தைத் துறைக்குத் தெரிவித்து அது பதிவில் ஏறினால்தான் செல்லும். சான்றிதழ் வந்ததும் வேலை முடிந்தது என்று எண்ணிக் காத்திருப்பவர்கள் இந்த இடத்தில்தான் நாட்களை இழக்கிறார்கள். நான் தினமும் காலையில் பதிவைத் திறந்து பார்த்தேன். இரண்டு நாள் கழித்தும் ஏறாததால் பாட நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். ஜூன் 18 அன்று 24 என்ற எண்ணைப் பார்த்தேன். அன்றே 300 டாலர் அபராதத்தையும், அடுத்து 75 டாலர் கட்டணத்தையும் செலுத்தினேன். ஜூன் 24 அன்று உரிமம் மீண்டும் செயலில் இருப்பதாகப் பதிவு மாறியது. கெடுவுக்கு ஐந்து நாட்கள் மீதமிருந்தன.

டெக்சஸ் எனக்குச் சொந்த மாநிலம் என்பதால், லூசியானாவிலும் ஓக்லஹோமாவிலும் நான் வைத்திருந்த வெளிமாநில உரிமங்கள் இரண்டும் அதைச் சார்ந்தே நிற்பவை. அடிப்படை உரிமம் செல்லாதபோது அவற்றை வைத்து வேலை செய்ய முடியாது. டெக்சஸ் சரியானதும் அவை தாமாகச் சரியாகிவிடும் என்றும் இருந்துவிடக் கூடாது. இரு மாநிலங்களிலும் என் நிலையைத் தனித்தனியாகச் சரிபார்த்து, கேட்டதைக் கொடுத்து முடிக்க ஜூலைக் கடைசி ஆகிவிட்டது.

அதற்குள் ஜூலை 8 அன்று பெரில் புயல் மாட்டகோர்டா அருகே கரையேறி ஹூஸ்டனை இருளில் தள்ளியது. என்னை அழைத்த நிறுவனத்திடம், வேலையை ஏற்றுக்கொள்வதற்கு முன்பே, அன்றைய தேதியிட்ட உரிமப் பதிவின் நகலை நானே அனுப்பிவைத்தேன். அந்த அம்மாவின் கூரை வேலை அதற்கு முந்தைய வாரம் முடிந்திருந்தது.