முதல் பந்தயப் பருவமும் கனவுத் தடங்களும்: ஓர் அமெச்சூர் ஓட்டுநரின் குறிப்புகள்

கார்ப் பந்தயத்தைத் தொழிலாகக் கொள்ளாமல் விடுமுறை நாட்களில் மட்டும் ஓட்டுகிற என்னைப் போன்றவர்களிடம், புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பந்தய உரிமத்துக்கான தேர்வு கடினமாக இருக்குமா என்பது ஒன்று. பெல்ஜியத்தின் ஸ்பா தடத்திலோ ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்திலோ என்றைக்காவது ஓட்ட முடியுமா என்பது மற்றொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு முழுப் பந்தயப் பருவம் இருப்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. கோப்பைக்காக ஓட்டும் முதல் பருவம் வேறு, கற்பதற்காக ஓட்டும் முதல் பருவம் வேறு. கனவுத் தடங்களில் ஓட்ட விரும்புகிறவர் தம் முதல் பருவத்தைப் படிப்பாகவே நடத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்தக் கட்டுரையில் சொல்வதெல்லாம் அந்தக் கருத்திலிருந்து வருபவைதான்.

வயதாகிவிட்டதே என்று தயங்குகிறவர்களுக்கு முதலில் ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நடிகர் பால் நியூமன் நாற்பது வயதைக் கடந்த பிறகே பந்தயத்துக்கு வந்தவர். அவர் 1979ஆம் ஆண்டு லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் போர்ஷே 935 காரை இரண்டு சக ஓட்டுநர்களுடன் மாற்றி மாற்றி ஓட்டி, ஒட்டுமொத்தத்தில் இரண்டாம் இடம் பெற்றபோது அவருக்கு வயது 54. எழுபது வயதில், 1995ஆம் ஆண்டு டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தில் தம் வகுப்பில் வென்ற அணியிலும் அவர் இருந்தார். தாமதமாகத் தொடங்கினாலும் ஒழுங்காகக் கற்பவர்களுக்கு இந்த விளையாட்டில் இடம் உண்டு.

உரிமத் தேர்வைப் பொறுத்தவரை, அதை நடத்தும் அமைப்பு நாட்டுக்கு நாடு மாறினாலும், அடிப்படை விதிகள் எஃப்.ஐ.ஏ. எனப்படும் சர்வதேச வாகனக் கூட்டமைப்பிலிருந்து வருபவை என்பதால் பாடம் ஏறத்தாழ ஒன்றுதான். எழுத்துத் தேர்வில் கூடுதல் கவனம் கேட்கும் பகுதி, தடத்தின் ஓரத்திலிருந்து ஓட்டுநர்களுக்குக் காட்டப்படும் சைகைக் கொடிகள். நிறங்களை மனப்பாடம் செய்வது ஒரு மாலை வேலை. ஆனால் ஒவ்வொரு கொடிக்கும் ஓட்டுநர் என்ன செய்ய வேண்டும் என்பதையே தேர்வில் கேட்பார்கள். ஒற்றை மஞ்சள் கொடி அசைந்தால் வேகத்தைக் குறைத்து, யாரையும் முந்தாமல், பாதையை மாற்றிக்கொள்ள ஆயத்தமாக வர வேண்டும். இரண்டு மஞ்சள் கொடிகள் சேர்ந்து அசைந்தால், தடம் அடைபட்டிருக்கலாம் அல்லது தடப் பணியாளர்களான மார்ஷல்கள் தடத்திலோ அதன் ஓரத்திலோ வேலை செய்துகொண்டிருக்கலாம் என்பதால், வேகத்தை வெகுவாகக் குறைத்து, தேவைப்பட்டால் வண்டியை நிறுத்தவும் ஆயத்தமாக இருக்க வேண்டும். மஞ்சளில் சிவப்புப் பட்டைகள் இருந்தால் தடம் வழுக்குகிறது என்று பொருள். கறுப்பில் ஆரஞ்சு வட்டம் உங்கள் எண்ணுடன் காட்டப்பட்டால், உங்கள் காரில் ஆபத்தான இயந்திரக் கோளாறு இருக்கிறது, அடுத்த சுற்றிலேயே பிட் எனப்படும் பழுதுபார்க்கும் இடத்துக்குள் வந்தாக வேண்டும். நீலக் கொடிக்குப் பயிற்சி ஓட்டத்தில் ஒரு பொருளும் பந்தயத்தில் சற்றே வேறொரு பொருளும் உண்டு. பந்தயத்தில் அது காட்டப்பட்டால், உங்களை ஒரு முழுச் சுற்று முந்தப்போகும் கார் பின்னால் வந்துவிட்டது, முதல் வாய்ப்பிலேயே வழிவிட வேண்டும். பலர் குழம்புகிற இடம் இதுவே.

நான் படித்த முறை எளிமையானது. கொடியின் பெயரைப் பார்த்து விளக்கம் சொல்லிப் பழகாமல், பந்தயங்களின் உள்கேமராக் காட்சிகளை ஓடவிட்டு, மார்ஷல் சாவடி கண்ணில் படும்போதெல்லாம் அங்கே என்ன கொடி இருக்கிறது, நானாக இருந்தால் என் கால் இப்போது எந்தப் பெடலில் இருக்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகினேன். தேர்வுக்கு இது உதவியது ஒரு பக்கம் இருக்கட்டும். தடத்தில் இறங்கிய பிறகு சாவடிகளைத் தேடிப் பார்க்கும் பழக்கம் கண்ணுக்குத் தானாக வந்துவிட்டது. செய்முறைத் தேர்விலும் பயிற்றுநர் பெரிதாகக் கவனிப்பது சுற்று நேரத்தை அல்ல. கண்ணாடிகளைப் பார்க்கிறீர்களா, பிட்டிலிருந்து வெளியேறும் கோட்டைத் தாண்டாமல் இருக்கிறீர்களா, ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பிரேக் பிடிக்கிறீர்களா என்பதைத்தான்.

பிரேக் பிடிக்கும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு பருவம் முழுவதும் நான் கற்றவற்றில் பாதிக்கு மேல் அதில் அடங்கியிருக்கிறது. காரின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து நிறுத்துவதைக் காட்டிலும் 140 கிலோமீட்டரிலிருந்து நிறுத்தும்போது பிரேக்குகள் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆற்றலை வெப்பமாக மாற்ற வேண்டியிருக்கிறது. நேர்ப்பாதையின் முடிவில் வேகம் சற்றுக் கூடினாலும் பிரேக் பிடிக்கும் இடம் வெகுவாகப் பின்னால் வர வேண்டியிருப்பது இதனால்தான். வளைவுக்கு முன் வைத்திருக்கும் 150, 100, 50 மீட்டர்ப் பலகைகள் நல்ல குறிகள்தாம். ஆனால் முன்னால் போகும் கார் அவற்றை மறைத்துவிடும், சில நேரம் யாராவது இடித்துச் சாய்த்தும்விடுவார்கள். ஆகவே பலகையோடு சேர்த்துத் தார்ப்பரப்பிலேயே ஒரு குறி வைத்துக்கொள்ள வேண்டும்: பழைய தாரும் புதிய தாரும் சேரும் விளிம்பு, தடத்தின் ஓரக்கட்டான கெர்ப் தொடங்கும் இடம், வேலியின் ஒரு கம்பம். மர நிழலை மட்டும் ஒருபோதும் குறியாகக் கொள்ள வேண்டாம். காலைப் பயிற்சியில் இருந்த இடத்தில் அது மதியப் பந்தயத்தில் இருக்காது.

அடுத்தது வளைவிலிருந்து வெளியேறும் வேகம். ஒரு டயருக்கு உள்ள மொத்தப் பிடிப்பு ஒன்றுதான். அதைப் பிரேக்குக்கும் திருப்பத்துக்கும் முடுக்கத்துக்கும் பங்கிட்டுத்தான் தர முடியும். புதியவர்கள் வளைவுக்குள் நுழையும் வேகத்தில் ஆசை வைத்து, பிடிப்பையெல்லாம் அங்கேயே செலவழித்துவிட்டு, வெளியே வரும்போது ஆக்சிலரேட்டரை மிதிக்க முடியாமல் காத்திருக்கிறார்கள். நீண்ட நேர்ப்பாதைக்கு முன் உள்ள வளைவில் உள்முனையைச் சற்றுத் தாமதமாகத் தொட்டு, சக்கரத்தை முன்னதாகவே நேராக்கி வெளியேறினால் அதன் பலன் நேர்ப்பாதை முழுவதும் கிடைக்கும். 600 மீட்டர் நேர்ப்பாதையில் சராசரி வேகம் 150இலிருந்து 152 ஆனாலே ஏறத்தாழ 0.2 விநாடி மிச்சமாகிறது. ஒரே மாதிரிக் கார்கள் ஓடும் வகுப்பில், தொடக்க வரிசையை முடிவுசெய்யும் தகுதிச் சுற்றில் ஒரு வரிசை முன்னால் நிற்க அது போதும்.

ஒரே மாதிரிக் கார்கள் என்று சொன்னேன். முதல் பருவத்துக்கு அந்த வகுப்பையே நான் வலியுறுத்துவேன். ஆற்றல் குறைந்த, எல்லோருக்கும் ஒரே அமைப்புள்ள கார் என்றால், முன்னால் போகிறவர் ஏன் வேகமாகப் போகிறார் என்பதற்கு இயந்திரத்தைக் காரணம் சொல்ல முடியாது. அவர் எங்கே பிரேக்கை விடுகிறார், எங்கே கெர்பைத் தொடுகிறார் என்று பின்னாலிருந்து பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். முதல் சில பந்தயங்களில் இலக்கு முடித்து வருவது மட்டுமே. பாதியில் நின்றுபோனவருக்கு அந்த வார இறுதியில் கற்கக் கிடைத்த சுற்றுகளும் பாதிதான். தொடக்க விளக்குகள் அணைந்த பிறகு முதல் வளைவில் டயர்களும் பிரேக்குகளும் இன்னும் முழுச் சூட்டுக்கு வந்திருக்காது என்பதையும், எல்லோரும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகிறார்கள் என்பதையும் நினைவில் வைத்து, அங்கே ஓரிடம் இழந்தாலும் பரவாயில்லை என்று ஓட்டுகிறவர் பந்தயத்தின் நடுவில் அதைத் திரும்பப் பெறுகிறார்.

குறிப்பேடு இல்லாமல் பருவத்தைத் தொடங்கவே கூடாது. காரைவிட்டு இறங்கியதும், ஹெல்மெட்டைக் கழற்றிய கையோடு, யாரிடமும் பேசுவதற்கு முன் எழுத வேண்டும். அரை மணி நேரம் போனால் நினைவு தனக்குச் சாதகமாகக் கதை சொல்லத் தொடங்கிவிடும். எந்த வளைவில் காரின் முன்பக்கம் வெளியே தள்ளியது, எங்கே பின்பக்கம் லேசானது, காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது, டயர் அழுத்தம் எவ்வளவு என்பவை அதில் இருக்க வேண்டும். டயர் அழுத்தத்தைக் குளிர்ந்த நிலையிலும், ஓட்டம் முடிந்தவுடன் சூடான நிலையிலும் அளந்து இரண்டையும் எழுத வேண்டும். உள்ளிருக்கும் காற்றின் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி செல்சியஸ் கூடும்போது அழுத்தம் சுமார் 1 பி.எஸ்.ஐ. ஏறும். குளிர்ந்த காலையில் சரியாக இருந்த அமைப்பு நண்பகலில் ஏன் காரைச் சறுக்கவைக்கிறது என்பதற்கு அந்த இரண்டு எண்களே பதில் தரும். ஜி.பி.எஸ். பதிவும் கேமராவும் நல்லவை. ஆனாலும் எழுதியதை முதலில் படித்து, பிறகு பதிவோடு ஒப்பிட்டால்தான் உங்கள் உணர்வு எங்கே உண்மையிலிருந்து விலகுகிறது என்று தெரியும்.

பாதுகாப்புக் கருவிகளில் நான் எந்தச் சமரசத்தையும் ஏற்பதில்லை. கழுத்தையும் தலையையும் தாங்கும் ஹான்ஸ் கருவி ஃபார்முலா 1இல் கட்டாயமானது 2003ஆம் ஆண்டில்தான். உங்கள் வகுப்பு விதிகள் அதைக் கேட்காவிட்டாலும் வாங்கிவிடுங்கள். ஹெல்மெட்டையும் உடையையும் வாங்கும்போது அவற்றின் தரச் சான்று உங்கள் அமைப்பின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபார்முலா 1 ஓட்டுநர் ஜாக்கி ஸ்டூவர்ட் 1966ஆம் ஆண்டு, அப்போது ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமிருந்த ஸ்பா தடத்தில் மழையில் விபத்துக்குள்ளாகி, பெட்ரோலில் நனைந்தபடி காருக்குள் சிக்கிக்கொண்டார். ஸ்டீயரிங் சக்கரத்தைக் கழற்றி அவரை வெளியே எடுக்கக் கையில் ஸ்பானர் இல்லை. அதன் பிறகு அவர் தம் காரில் ஒரு ஸ்பானரை ஒட்டிவைத்துக்கொண்டே ஓட்டினார். தடங்களின் பாதுகாப்புக்காகப் பல ஆண்டுகள் போராடினார். இன்று நாம் அணிகிறவற்றுக்கும் ஓடுகிற தடங்களுக்கும் பின்னால் அத்தகைய மனிதர்கள் இருக்கிறார்கள்.

இனி கனவுத் தடங்கள். சொந்தத் தடத்தில் ஒரு பருவம் முடித்து, குறிப்பேடு நிறைந்து, நேரங்கள் ஒரே சீராக வரத் தொடங்கிய பிறகே இவற்றுக்குப் போவது நல்லது. இன்றைய ஸ்பா 7.004 கிலோமீட்டர். ஓ ரூஜ் வளைவில் இடப்பக்கம் இறங்கி, ரைடியோன் வளைவில் வலப்பக்கம் ஏறி, மேட்டின் உச்சியில் மறுபடி இடப்பக்கம் திரும்பும்போது முன்னால் வானம் மட்டுமே தெரியும். அந்தத் திருப்பத்தைக் கண்ணால் ஓட்ட முடியாது, முன்பே மனத்தில் பதிந்திருக்க வேண்டும். தடத்தின் ஒரு பகுதி காய்ந்திருக்க மறுபகுதியில் மழை பெய்வது அங்கே வழக்கமானது என்பதால், ஒவ்வொரு சுற்றிலும் முதல் தடவை போலவே பார்த்து ஓட்ட வேண்டியிருக்கிறது.

நூர்பர்க்ரிங்கின் வடக்குச் சுற்றான நார்ட்ஷ்லைஃபே முற்றிலும் வேறு. 1927ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்தத் தடம் 20.832 கிலோமீட்டர் நீளமும் சுமார் 300 மீட்டர் ஏற்ற இறக்கமும் கொண்டது. பச்சை நரகம் என்று அதற்குப் பெயர் வைத்தவரும் ஸ்டூவர்ட்தான். ஃபுக்ஸ்ரோரே என்ற இறக்கத்தின் அடிவாரத்தில் கார் தரையோடு அழுந்தி மேலேறும்போது, அடுத்து வரும் ஆடனாவர் ஃபோர்ஸ்ட் பகுதியின் மேடு தனக்குப் பின்னால் இருக்கும் இறுக்கமான இடது வளைவை முழுவதும் மறைத்துவிடுகிறது; புதியவர்கள் அங்கே நேராகப் புல்லுக்குப் போய்விடுகிறார்கள். கருசெல் என்ற வளைவில் கான்கிரீட் பலகைகளின் இணைப்புகள் ஒவ்வொன்றும் ஸ்டீயரிங்கில் தட்டுவது கைக்குத் தெரியும். அந்தச் சுற்றை ஒரே துண்டாகப் படிக்க முயல வேண்டாம். நான் சிமுலேட்டரில் ஒரு நேரத்தில் நான்கைந்து கிலோமீட்டரை மட்டும் எடுத்து, அந்தப் பகுதியைக் கண்ணை மூடிச் சொல்ல முடிந்த பிறகே அடுத்ததற்குப் போனேன். சிமுலேட்டர் பாதையின் வரிசையை நன்றாகக் கற்பிக்கும். சரிவுகளின் செங்குத்தை அது காட்டுவதில்லை.

பொதுமக்கள் ஓட்டும் நாட்களில் அது சுங்கம் செலுத்தி நுழையும் ஒருவழிச் சாலையாகவே கருதப்படுகிறது. இடப்பக்கமாக மட்டுமே முந்தலாம், நேரம் கணிக்கக் கூடாது; உங்கள் காப்பீடு அங்கே செல்லுமா என்று புறப்படும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பந்தயமாக ஓட்ட விரும்பினால் ஜெர்மன் வாகன விளையாட்டுக் கூட்டமைப்பின் தனி அனுமதி வேண்டும். இணையவழிப் பாடம், தேர்வு, பயிற்றுநர் உடனிருக்கும் சுற்றுகள் ஆகியவற்றைக் கடந்து முதலில் பி அனுமதி. குறைந்த ஆற்றலுள்ள காரில் பந்தயம் ஓடிய பிறகே வேகமான வகுப்புகளுக்கான ஏ அனுமதி. அங்குள்ள விதிகளில் இரட்டை மஞ்சளுக்கு மணிக்கு 120 கிலோமீட்டர், 60 என்று எழுதிய கொடிக்கு மணிக்கு 60 கிலோமீட்டர் என்று உச்ச வரம்பு இருப்பதால், வேறு தடங்களில் கற்ற கொடிப் பாடத்தை மறுபடி படிக்க வேண்டும். நான்கு முறை ஃபார்முலா 1 உலக சாம்பியனான மேக்ஸ் வெர்ஸ்டாப்பனும் 2025 செப்டம்பரில் இதே வழியில்தான் வந்தார்: எழுத்துத் தேர்வு எழுதி, ஆற்றல் குறைக்கப்பட்ட போர்ஷே கேமன் காரில் ஒரு பந்தயம் ஓடி, அனுமதி பெற்று, அதே மாதம் 27ஆம் தேதி சக ஓட்டுநர் கிறிஸ் லல்லமுடன் ஃபெராரி 296 ஜி.டி.3 காரில் வென்றார்.

நான் இப்போது அந்த பி அனுமதிக்கான பாடத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். இந்த வழியில் வர விரும்புகிறவர்கள் பந்தயப் பருவம் முடிந்த இடைவெளியில் எழுத்துப் பகுதியை முடித்துவிட்டு, பயிற்றுநருடனான சுற்றுகளைப் புதிய பருவத்தின் தொடக்கத்தில் வைத்துக்கொண்டால், கற்றது மறப்பதற்குள் காரில் உட்கார்ந்துவிடலாம்.