ஆச்சி வீட்டு கண்ணாடிப் பெட்டி

போன வாரம் செட்டிநாட்டுப் பக்கம் கானாடுகாத்தான்ல ஃப்ரெண்டு வீட்டுக்கு போயிருந்தேன், ரெண்டாம் கட்டுல ஒரு ரூம்ல இருந்து அவளோட ஆச்சி ஒரு மரப்பெட்டிய எடுத்துட்டு வந்து என் மடியில வச்சாங்க, நல்லா கனம், முழுக்க பர்மா தேக்கு, மூலைக்கு மூலை பித்தளைப் பட்டை. மூடியத் தூக்குனா உள்பக்கம் கண்ணாடி, ரசம் அங்கங்க போயிருச்சு, அத சாய்ச்சு நிறுத்த சின்னதா ஒரு கட்டை. கீழ தட்டு தட்டா அறை, குங்குமத்துக்கு, மைக்கு, சீப்புக்கு. அந்தத் தட்ட அப்படியே வெளிய எடுத்தா அடியில நகை வைக்கிற இடம்!

"என் மாமியா சாமான் ஆத்தா இது, அவுக கழுத்திரு கூட இதுலதான் இருந்துச்சு"ன்னாங்க ஆச்சி. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கல்யாணத்துல பொண்ணுக்கு தாலியா பூட்டுற அந்தக் கழுத்திருவ நேர்ல பாத்தவங்களுக்குத் தெரியும் எவ்வளவு பெருசுன்னு.

வட்டித் தொழிலுக்கு பர்மாவுல ரங்கூன் பக்கம் போன நகரத்தாருங்க தேக்க கப்பல்ல கொண்டு வந்து வீடே கட்டுனாங்க, பெட்டி செய்யறதுக்கா மரம் இல்லாம போகும். 1942ல ஜப்பான்காரன் பர்மாவுக்குள்ள வந்ததும் நிறைய பேர் எல்லாத்தையும் விட்டுட்டு நடந்தே ஊர் திரும்புனாங்க, அதுக்கப்புறம் கஷ்டம் வந்த வீடுகள்ல இருந்து இந்த மாதிரி சாமான்லாம் ஒவ்வொண்ணா வெளிய போச்சு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல பழைய சாமான் கடைங்கள்ல இப்பவும் இத மாதிரி பெட்டி பாக்கலாம், சிலதுக்கு மேல பளபளன்னு புது பாலிஷ் அடிச்சிருப்பாங்க, தயவுசெஞ்சு அத மட்டும் செய்யாதீங்க, கை பட்டு பட்டு வந்த அந்த மினுமினுப்பு போயிரும்.

ஆச்சி பெட்டிய தேங்காயெண்ணெய் தொட்ட துணியாலதான் தொடைக்கிறாங்க. மூடுறப்போ உள்ள இருந்து ஜவ்வாது வாசனை லேசா வந்துச்சு.