ஓடு மாற்றிய நண்டு

"இது வேண்டாம் மக்களே, உள்ளே தண்ணிதான் இருக்கும்" என்று சொல்லி, மணக்குடிக் காயலில் இன்று எங்களை நண்டு பிடிக்க அழைத்துச் சென்ற பெரியவர், வலையில் ஏறிய முதல் நண்டை, அதுவும் உள்ளங்கையை விடப் பெரியதை, மீண்டும் நீரில் விட்டுவிட்டார்.

பணம் கட்டி வந்த எங்கள் முகம் வாடியதை மறைப்பதற்கில்லை.

அடுத்த நண்டின் வயிற்றுப்புற ஓட்டினை அவர் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். அது கல்லைப் போல் அசையாதிருந்தது. அண்மையில் ஓடு கழற்றிய நண்டு தண்ணீரை உறிஞ்சிப் பருத்திருக்குமே தவிர, புது ஓட்டுக்குள் சதை பிடிக்க நாளாகும் என்றார்.

மதியம், வறுத்தரைத்த தேங்காயும் புளியும் சேர்ந்த நண்டுக் குழம்பை மரச்சீனிக் கிழங்கோடு உண்டபோது, சந்தையில் இத்தனை ஆண்டுகளாக அளவை மட்டும் பார்த்து நான் வாங்கியவற்றில் எத்தனை வெறும் தண்ணீரோ என்றே எண்ணிக்கொண்டிருந்தேன்.