வாடை அடங்கினால் கப்பல்

பெப்ரவரி 17
காங்கேசன்துறையிலயிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் இல்லையாம். காத்து.

பெப்ரவரி 18
இண்டைக்கும் இல்லை. காலநிலை சரிவந்தால் அறிவிப்பினமாம். மனுசி ஒடியல் மாவையும் மிளகாய்த்தூளையும் பையிலயிருந்து எடுத்து வெயில் காட்டிப்போட்டுத் திரும்பவும் உள்ள வைச்சவள். அடியில காணி உறுதியின்ர போட்டோக் கொப்பி கிடக்குது. அதை அவளும் தொடேல்லை, நானும் தொடேல்லை.

பெப்ரவரி 19
அக்காவோட கதைச்சன். அவ இருக்கிற கொட்டப்பட்டு அகதி முகாம் திருச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்தில எண்டபடியால், பிளேன் வந்தால் அவ கதையை அரைவாசியில நிப்பாட்டிப்போடுவா. இண்டைக்கு, "வந்தால் எத்தினை நாள்..." எண்டு தொடங்கினவ, பிளேன் வந்திட்டுது. சத்தம் அடங்கினாப்பிறகு இஞ்சத்தை மீன் விலை கேட்டா.

எங்கயெங்க போறியள் எண்டும் கேட்டா. சொன்னன்: வேளாங்கண்ணி, நாகூர், சிதம்பரம், தஞ்சாவூர், பிறகு திருச்சி.

"அப்ப நான்தான் கடைசி" எண்டு சிரிச்சா. சிரிப்புத்தான் எண்டு நினைக்கிறன்.

பெப்ரவரி 20
விடியக் காங்கேசன்துறைப் பக்கம் போய்ப் பாத்தன். அலை இன்னும் வெள்ளையாத்தான் உடையுது. ஐயா இருந்தால் மயிலிட்டிக் கரையில நிண்டு முகத்தில காத்தை வாங்கியே சொல்லியிருப்பார், நாளைக்கா நாளையிண்டைக்கா எண்டு. எனக்கு வாட்ஸ்அப் சொல்லோணும்.

90 ஆனியில சண்டையால ஊரை விட்டு எழும்பினம். 2017 ஆடியிலதான் ஆமி மயிலிட்டித் துறைமுகத்தை விட்டது. அக்கா அதே 90இன்ர கடைசியில மன்னாராலை போனவ. ராமேஸ்வரக் கப்பல் எண்பதுகளிலயே நிண்டிட்டுது, வள்ளம்தான். இரவு. தனுஷ்கோடிக்குக் கிட்ட ஒரு மணல்திட்டியில இறக்கிப்போட்டு ஓட்டி திரும்பிட்டானாம். விடிஞ்சு ஆரோ மீன்பிடிகாரர் வந்து ஏத்தும்வரைக்கும் அந்தத் திட்டியிலதான். தண்ணிப் போத்தல் ஒண்டை எட்டுப் பேர் குடிச்சதாம். இதை எனக்குச் சொன்னது ஒரேயொருக்கா. நான் பிறகு கேக்கேல்லை.

மனுசி கொப்பி போட்டு எழுதிறாள். ராசராசன் 1010இல கட்டி முடிச்ச கோயிலைப் பாக்காமல் வந்தால் சனம் சிரிக்குமாம். நாகூரில அஞ்சு மினாராவாம். அவளுக்கு விருப்பமான பயணம், நான் ஏன் குழப்புவான். ஆனால் திருச்சியை நடுவில போடலாம். முதலில போடலாம். முதலில போட்டால் மிச்ச இடமெல்லாம் நிம்மதியாப் பாக்கலாம், இல்லாட்டி ஒண்டையுமே பாக்கேலாது.

கடைசியிலயே இருக்கட்டும்.

பெப்ரவரி 21
உறுதி அக்காவின்ர பேரில. ஆறு பரப்புக் காணி, சீதனமா எழுதினது. வீடு நான் கட்டினது.

நாளைக்கு ஓடுதாம்.

பெப்ரவரி 22, கப்பலில
'சிவகங்கை'. நாகப்பட்டினத்துக்கு 60 கடல் மைல், நாலு மணித்தியாலம். வலப்பக்க யன்னல் கேட்டு எடுத்தன். துறைமுகத்தை விட்டு வெளிக்கிட்டதும் கிழக்கால மயிலிட்டி. ஐயா ஆக்கள் கடலிலயிருந்து கரையைப் பாக்கேக்க கிட்ட இருக்கிற பனையையும் தூர இருக்கிற கோபுரத்தையும் ஒரு நேர்கோட்டில கொண்டுவருவினம். ரெண்டும் சேர்ந்தால் வலை போட்ட இடம். அவரின்ர பனை இப்ப இல்லை. எங்கட வளவு எது எண்டு கடைசிவரைக்கும் பிடிபடேல்லை, புதுத் தகரக் கூரையெல்லாம் ஒரே மாதிரி மினுங்குது.

ஏசி குளிர். முன் சீற் அம்மா பையில சத்தி எடுக்கிறா, மனுசி தேசிக்காய் குடுத்தவள்.

போனில கோடு இல்லை. ஆரும் எடுக்கேலாது, நானும் எடுக்கேலாது. கனநாளைக்குப் பிறகு தலைக்குள்ள சத்தமில்லை. இப்பிடியே இன்னும் ரெண்டு நாள் ஓடினாலும் சந்தோசம்தான். தூரத்தில ரெண்டு றோலர் படகு, இந்திய இழுவைமடிக்காரர்தான் எண்டு பின்னால ஒருத்தர் ஏசிறார். ஏசட்டும், எங்கட பெடியளின்ர வலை அறுந்த கணக்கு அவருக்குத்தான் தெரியும்.

கையெழுத்து ஒண்டுதான். அவ மறுக்க மாட்டா. அதுதான் எனக்குப் பிரச்சினை. மறுத்தாவெண்டால் நானும் கோவிச்சு ரெண்டு கதை கதைச்சுப்போட்டு வரலாம். "கொண்டா" எண்டு பேனையை வாங்கிக் கேக்காமல் போட்டாவெண்டால் நான் எங்க பாக்கிறது.

இரவு, நாகப்பட்டினம்
குடிவரவில இருந்த பெடியன், "சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா சார்?" எண்டான். சுற்றுலா எண்டன். விசாவிலயும் அதுதான் கிடக்குது.

மனுசி ஒண்டும் சொல்லேல்லை. லொட்ஜ் வரைக்கும் ஒண்டும் சொல்லேல்லை.

பெப்ரவரி 23
பஸ் நிலையம். வேளாங்கண்ணி பஸ் நிக்குது, திருச்சி பஸ்ஸும் நிக்குது. தஞ்சாவூராலதான் போகுமாம். எதிலை ஏறுவம் எண்டு மனுசி கேக்கிறாள். தன்ர கொப்பியை அவள் விரிக்கவேயில்லை. கண்டக்டர் விசில் ஊதிறான், பிறகு எழுதிறன்