எக்ஸ்ரேயில் தெரியாத விரிசல்

கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல்லில் எனக்கு வந்த வலி, கச்சானை (நிலக்கடலையை) கடிக்கும்போது வராமல், கடித்ததை விடும் நொடியில்தான் சுருக்கென்று பாய்ந்தது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் முதலில் எடுத்த எக்ஸ்ரேயில் சொத்தையும் இல்லை, வேரடியில் சீழும் இல்லை. வலி மட்டும் தொடர்ந்தது.

பிறகு ஈப்போவில் நான் பார்த்த பல் மருத்துவர், வலி எந்த நொடியில் வருகிறது என்பதைத்தான் முதலில் கேட்டார். பல்லின் ஒவ்வொரு மேட்டின் மீதும் ஒரு சிறு பிளாஸ்டிக் குச்சியை வைத்துக் கடிக்கச் சொல்லி, விடச் சொன்னார். ஒரே ஒரு மேட்டில் அதே வலி வந்தது. விரிசல் பெரும்பாலும் பல்லில் முன்பின்னாக ஓடுவதால், கன்னப் பக்கமிருந்து பாயும் கதிரில் அது கோடாகப் பதிவதில்லை என்றும், கடிக்கும்போது விலகும் இரு பகுதிகளும் விடும்போது சட்டென்று சேர்வதால் பல்லின் உள்ளிருக்கும் நுண்குழாய்களின் திரவம் அசைந்து நரம்பைத் தூண்டுகிறது என்றும் விளக்கினார்.

பள்ளிக்கூடக் காலத்தில் அடைத்த பெரிய வெள்ளி அடைப்பு அந்தப் பல்லின் சுவர்களை மெலிய வைத்திருந்தது; தூக்கத்தில் நான் பல்லை நறநறவென்று கடிப்பது மீதியைச் செய்தது. பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிய என் அம்மாவின் பற்கள் வெற்றிலை பாக்கினால் தட்டையாகவே தேய்ந்திருந்தும் அவருக்குக் கூசியதில்லை. மெதுவாகத் தேயும் பல், நரம்பைக் காக்க உள்ளே புதிய படலம் கட்டிக்கொள்ள அவகாசம் பெறுகிறது. விரிசல் அந்த அவகாசத்தைத் தருவதில்லை.

பழைய அடைப்பை அகற்றி, நீலச் சாயம் தடவியதும் விரிசல் மெல்லிய கோடாகத் தெரிந்தது. ஈறோரம் ஆழம் அளந்ததில் அது வேருக்குள் இறங்கியதற்கான அறிகுறி இல்லை. இறங்கிப் பல் பிளந்திருந்தால் பெரும்பாலும் பிடுங்க வேண்டியிருந்திருக்கும். குளிர் பட்டு எழுந்த வலி உடனே அடங்கியதால், நரம்பு தேறும் என்று நம்பி, வேர் சிகிச்சை செய்யாமல் முதலில் பல்லை மூடும் தற்காலிக உறையைப் பொருத்தினார். சில வாரங்களில் கடிக்கும் வலி முற்றாக நின்ற பிறகே நிரந்தர உறைக்கு அளவு எடுத்தார். இந்தப் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

எனாமலில் உயிரணுக்கள் இல்லாததால் விரிசல் எலும்பு முறிவைப் போல ஒட்டிக்கொள்வதில்லை. உறை பல்லை இறுக்கிப் பிடித்து, விரிசல் மேலும் விரியாமல் காக்க மட்டுமே செய்கிறது. ஆகவே இரவில் கடினமான பல் காப்பு அணிந்தே தூங்குகிறேன், ஐஸ் கட்டியைக் கடிப்பதில்லை, எலுமிச்சைச் சாறு குடித்தால் அரைமணி நேரம் கழித்தே பல் துலக்குகிறேன். உறைக்குள் இருக்கும் நரம்பு ஆண்டுகள் கழித்தும் செத்துப்போகக்கூடும் என்பதால் பரிசோதனையையும் நிறுத்தவில்லை.