ஏர் கடைசியாக வரும் வயல்

மானாவாரி நிலத்தில் பெண் விவசாயிகளோடு வேலை செய்யப் போகிறவர்கள் விளைச்சல் பதிவேட்டில் முதலில் பார்க்க வேண்டியது விதைத்த தேதியைத்தான். கூட்டங்களில் விதை ரகம், உரம் என்றே பேச்சு ஓடும். தேதியை யாரும் கேட்பதில்லை.

ஒருமுறை சோளம் போட்டிருந்த குடும்பங்களின் பதிவேட்டை வரிசையாகப் பார்த்தேன். ஒரே ஊர், ஒரே விதை, ஒரே மழை. ஆண்கள் கவனித்த வயல்களில் முதல் மழை ஈரத்திலேயே விதைப்பு முடிந்திருந்தது. விதவைகளும், கணவர் வெளியூர் வேலைக்குப் போய்விட்ட பெண்களும் வைத்திருந்த வயல்களில் இரண்டு மூன்று வாரம் தள்ளிப் போயிருந்தது. காரணம் ஏர். மாட்டுக்காரர் முதலில் தன் நிலத்தை உழுவார், அப்புறம் சொந்தக்காரர் நிலம், அப்புறம் உடனே கூலி தருபவர் நிலம். இவர்கள் முறை வருவதற்குள் ஈரம் காய்ந்துவிடும். தாமதமாக விதைத்த பயிர் பால் பிடிக்கிற நேரத்தில் மழையும் நின்றுவிடும்.

ஒரே அளவு நிலத்தில் பெண்கள் நடத்தும் பண்ணைகளின் விளைதிறன் ஆண்களுடையதைவிட 24 சதவீதம் குறைவு என்று ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2023-இல் சொன்னது. அதைப் படித்ததும் பயிற்சி கொடுக்கக் கிளம்பிவிடுகிறார்கள். பயிற்சியும் நடக்கிறது, பெண்கள் தண்ணீர் எடுக்கப் போகிற நேரத்தில்.

ஏருக்குக் காத்திருக்காமல் விதைக்க ஒரு வழி குழி முறை. ஆப்பிரிக்காவில் சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள வறண்ட சாகேல் பகுதியில் இதை 'ஜாய்' என்பார்கள். கோடையிலேயே ஒரு சாணுக்குச் சற்று அதிக அகலத்தில், அரைச் சாணுக்குமேல் ஆழத்தில் வெட்டி, எரு போட்டு வைத்தால் முதல் மழை அதில் தேங்கும். உடனே விதைத்துவிடலாம். அங்குள்ள புர்கினா ஃபாசோ நாட்டு விவசாயி யாக்கூபா சவடோகோ இப்படித்தான் இறுகிப்போன தரிசை விளையவைத்தார். நல்ல முறைதான். ஆனால் ஒரு ஹெக்டேருக்கு 10,000 குழிக்குமேல் வெட்ட வேண்டும். வளைவது யார் முதுகு? அதனால் கால் ஏக்கரில் ஆரம்பியுங்கள் என்பேன். நாலைந்து பேர் சேர்ந்து, ஒரு நாளைக்கு ஒருவர் வயல் என்று மாற்றிமாற்றி வெட்டினால் தாங்கும்.

அப்புறம் நிலம். பெண்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் யாருக்கும் வேண்டாத கட்டாந்தரை. எரு போட்டு அது விளையத் தொடங்கியதும் உரிமைக்காரர் திரும்பக் கேட்டு வந்து நிற்பார். எத்தியோப்பியாவில் நிலச் சான்றிதழில் மனைவியின் பெயரையும் சேர்த்தார்கள். சில மாநிலங்களில் புகைப்படத்தையும் ஒட்டினார்கள். அதற்கு வழியில்லாத இடங்களில், சாட்சி வைத்துச் சில வருடக் குத்தகையாவது எழுதி வாங்கிய பிறகே மண்வெட்டியைத் தொடச் சொல்கிறேன். கேட்கத் தயங்குகிறவர்களுக்காக நானே போய்க் கேட்பதுண்டு. வெளியாள் கேட்டால் அது வீட்டுச் சண்டையாக மாறுவதில்லை.